பழைய டெர்மினலுக்குக் கேபிள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பழைய டெர்மினல் ஒன்று கைக்கு வருகிறது. டெக் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட விடி-220 என்றே வைத்துக்கொள்வோம். மின்சாரம் கொடுத்தால் திரை ஒளிர்கிறது, கர்சர் துடிக்கிறது. கணினியோடு இணைத்தால் ஓர் எழுத்துகூட வரவில்லை. இந்த இடத்தில்தான் பலர் 'டெர்மினல் போய்விட்டது' என்று முடிவுகட்டி அதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு மனம் பொறுக்காத விஷயம் இது. அந்த டெர்மினலில் பெரும்பாலும் எந்தக் கோளாறும் இருக்காது. கேபிள்தான் தவறாக இருக்கும்.

காரணம் பழையது. ஆர்எஸ்-232 என்ற தரத்தை அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் 1960-இல் வகுத்தது. நாம் இன்று காணும் பழைய இயந்திரங்களில் பல 1969-இல் வந்த அதன் 'சி' திருத்தத்தைப் பின்பற்றியவை. டெர்மினலை மோடத்தோடு இணைப்பதற்காக எழுதப்பட்ட தரம் அது. டெர்மினல், கணினி போன்றவை டிடிஇ, மோடம் டிசிஇ. ஒன்று பேசும் பின்னில் மற்றது கேட்கும், ஆகவே நேர் கேபிள் போதும். பிறகு மோடம் இல்லாமல் டெர்மினலைக் கணினியோடு நேரடியாக இணைக்கத் தொடங்கினார்கள். இரண்டும் டிடிஇ. இரண்டும் ஒரே பின்னில் பேசுகின்றன, ஒரே பின்னில் கேட்கின்றன. கேபிளுக்குள் கம்பிகளைக் குறுக்காக மாற்றிக் கொடுத்தால்தான் ஒன்று பேசுவது மற்றதன் காதில் விழும். எந்த இயந்திரம் எந்தப் பக்கம் என்பதைக் கனெக்டரின் வடிவம் உறுதியாகச் சொல்லாது. கீழே வரும் அறிவுரைகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விக்குத் திரும்பி வருபவை: எந்தப் பின் பேசுகிறது?

செய்ய வேண்டியவை

கேபிளைத் தேடும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். டெர்மினலில் எதையும் இணைக்காமல் அதை ஆன் செய்யுங்கள். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனை டிபி-25 கனெக்டரின் 7-ஆம் பின்னில் இருக்கட்டும். அதுதான் சிக்னல் கிரவுண்டு. சிவப்பு முனையால் 2-ஐயும் 3-ஐயும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் மைனஸ் 5-க்கும் மைனஸ் 12-க்கும் இடையே ஏதோ ஓர் அளவு தெரியும். மற்றது பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். மைனஸ் காட்டுவதுதான் பேசும் பின். ஆர்எஸ்-232-இல் மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட் வரை '1', பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வரை '0'. அனுப்ப எதுவும் இல்லாத நேரத்தில் அனுப்பும் கம்பி மைனஸில் நிற்கும்.

2-ஆம் பின் மைனஸ் காட்டினால் அந்தச் சாதனம் டிடிஇ, 3-ஆம் பின் காட்டினால் டிசிஇ. 9 பின் கனெக்டரில் கிரவுண்டு 5-ஆம் பின். அங்கே 3 மைனஸ் காட்டினால் டிடிஇ. இதே சோதனையைக் கணினிப் பக்கமும் செய்யுங்கள். இரண்டும் ஒரே வகை என்றால் கிராஸ் கேபிள், வேறுவேறு வகை என்றால் நேர் கேபிள். கையேடு தொலைந்த இயந்திரமானாலும், பெயரே தெரியாத இயந்திரமானாலும் இந்த அளவீடு பதில் சொல்லிவிடும். கேபிள் வாங்குவதில் இதைவிடப் பயனுள்ள வேலை வேறில்லை என்பது என் கருத்து.

டெர்மினலைத் தனியே பேசவிட்டுப் பாருங்கள். டிபி-25-இல் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சிறு வயரால் இணைத்து, செட்டப் திரையில் லோக்கல் எக்கோவை அணைத்து, ஆன்லைனில் வைத்துத் தட்டச்சு செய்யுங்கள். விடி-220-இல் எஃப்3 விசை செட்டப்பைத் திறக்கும். எழுத்துகள் திரையில் வந்தால் டெர்மினலின் சீரியல் பகுதி நலமாக இருக்கிறது. வயரை எடுத்ததும் எழுத்துகள் நின்றுபோக வேண்டும். நிற்காவிட்டால் லோக்கல் எக்கோ இன்னும் அணையவில்லை. அடுத்து கேபிளை மாட்டி, அதன் மறுமுனையில் அதே இரண்டு கம்பிகளையும் இணைத்து மீண்டும் பாருங்கள். இப்போது கேபிளும் சோதனைக்கு உள்ளாகிறது. கோளாறு எந்த இடத்தில் என்பது படிப்படியாகப் பிடிபடும்.

கம்பி வரைபடத்தைத் தாளில் எழுதுங்கள், குறிப்பாக 9 பின்னும் 25 பின்னும் கலக்கும்போது. ஐபிஎம் பிசி/ஏடி 1984-இல் வந்தபோது சீரியல் போர்ட் 9 பின்னுக்குச் சுருங்கியது. சுருங்கியதோடு 2-உம் 3-உம் இடம் மாறின. 25 பின்னில் 2 அனுப்பும், 3 வாங்கும். 9 பின்னில் 2 வாங்கும், 3 அனுப்பும். ஆகவே 9-க்கும் 25-க்கும் இடையே 2-இலிருந்து 2-க்கும், 3-இலிருந்து 3-க்கும் செல்லும் கேபிள்தான் கிராஸ் கேபிள். எண்கள் மாறிக் கிடப்பது நேர் கேபிள், அதாவது மோடம் கேபிள். மீட்டர் வைத்துக் கேபிளைச் சோதித்தவர்களும் வழுக்கி விழும் இடம் இதுதான்.

இன்றைய கணினியின் 9 பின்னிலிருந்து விடி-220-க்குத் தேவையான முழு வரைபடம் இது. 9 பின் பக்கம் முதலில், 25 பின் பக்கம் அடுத்து: 2-க்கு 2, 3-க்கு 3, 5-க்கு 7, 7-க்கு 5, 8-க்கு 4. அதோடு 9 பின்னின் 4 அங்கே 6, 8 இரண்டுக்கும் போக வேண்டும். 25 பின்னின் 20 இங்கே 1, 6 இரண்டுக்கும் வர வேண்டும்.

வேகக் கட்டுப்பாட்டைக் கேபிளோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். கணினி அனுப்பும் வேகத்துக்கு டெர்மினலால் திரையில் எழுத முடியாதபோது 'நிறுத்து' என்று சொல்ல ஒரு வழி வேண்டும். டெக் டெர்மினல்கள் அதை எழுத்துகளாலேயே சொல்கின்றன: நிறுத்த எக்ஸ்-ஆஃப், தொடர எக்ஸ்-ஆன், அதாவது விசைப்பலகையின் கன்ட்ரோல்-எஸ், கன்ட்ரோல்-க்யூ. இதற்குத் தனிக் கம்பி தேவையில்லை. விடி-220-இன் செட்டப்பில் 'டேட்டா லீட்ஸ் ஒன்லி' என்பதைத் தேர்ந்தால் அனுப்ப, வாங்க, கிரவுண்டு என மூன்றே கம்பிகள் போதும். டெக் டெர்மினல் ஒன்றுக்காக மட்டும் கேபிள் செய்வதானால் நான் மூன்று கம்பியைத்தான் சிபாரிசு செய்வேன். தவறு நுழைய இடம் குறைவு. அப்போது கணினிப் பக்கம் ஹார்டுவேர் கட்டுப்பாட்டை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 'அனுப்பலாம்' என்று சொல்லும் சிடிஎஸ் சிக்னல் வராமல் அது காத்துக்கொண்டே இருக்கும்.

சீரியல் பிரின்டர், பிளாட்டர் போன்றவற்றுக்கு இந்த மூன்று கம்பி ஆகாது. அவற்றில் பல 20-ஆம் பின்னின் டிடிஆர் சிக்னலைக் கொண்டு 'பொறு' என்கின்றன. அந்தக் கம்பி கணினியின் சிடிஎஸ்ஸுக்குப் போய்ச் சேர வேண்டும்.

விடி-320, விடி-420 என்றால் எம்எம்ஜே கேபிள் வாங்குங்கள். தொலைபேசி பிளக் போலவே இருக்கும் ஆறு கம்பி பிளக் அது, ஆனால் தாழ்ப்பாள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். சாதாரண தொலைபேசி பிளக் அதில் சேராது. டெக் இங்கே ஓர் அழகான வேலை செய்தது. எல்லாச் சாதனங்களிலும் ஒரே பின் வரிசை, எல்லாக் கேபிள்களும் கிராஸ். 1-க்கு 6, 2-க்கு 5, 3-க்கு 4. எந்த முனையை எங்கே செருகினாலும் சரி. டிடிஇ, டிசிஇ குழப்பமே எழாது. பிசி-16இ என்ற எண்ணுள்ள டெக் கேபிளும், மறுமுனையில் பிசியின் 9 பின்னுக்காக ஹெச்8571-ஜே அடாப்டரும் கிடைத்தால் வேலை முடிந்தது. மற்ற நிறுவனங்களும் இதைப் பின்பற்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

திறக்கக்கூடிய மூடி உள்ள கனெக்டரைத் தேர்ந்தெடுங்கள். வார்த்தெடுத்த பிளாஸ்டிக் தலைக்குள் எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பார்க்க முடியாது, மாற்றவும் முடியாது. சென்னை ரிச்சி தெருவில் சால்டர் செய்யும் டி-கனெக்டரும் மூடியும் ஷீல்டு போட்ட பல கம்பி கேபிளும் தனித்தனியாகவே வாங்கலாம். சால்டர் பிடிக்கத் தெரிந்தவருக்கு ஒரு மாலை நேர வேலை. முடித்ததும் மூடியின் மேல் 'கிராஸ், 9-25' என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

இரண்டு சாதனங்களையும் எர்த் உள்ள ஒரே ஸ்விட்ச்போர்டில் செருகுங்கள். நம் பழைய வீடுகள் பலவற்றில் மூன்றாவது துளை இருக்கும், அதற்கு எர்த் வயர் வந்திருக்காது. கணினிப் பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர்களால், எர்த் இல்லாத கேபினெட் சப்ளை மின்னழுத்தத்தின் பாதி அளவுக்கு, அதாவது 115 வோல்ட்டை ஒட்டி மிதந்துகொண்டிருக்கும். தொட்டால் சுருக்கென்று இருப்பது அதனால்தான். மின்னோட்டம் மிகக் குறைவு. ஆனாலும் கேபிளைச் செருகும் கணத்தில் கிரவுண்டுக்கு முன் சிக்னல் பின் தொட்டுவிட்டால் அந்த அழுத்தம் சீரியல் சிப்பின் வழியாகத்தான் இறங்கும். எர்த்தைச் சரிபாருங்கள், இரண்டையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள், பக்கத்துத் திருகுகளையும் முடுக்குங்கள். டிபி-25 கேபிளின் எடை கனெக்டரைத் தானாகவே கீழே இழுக்கும்.

யுஎஸ்பி-சீரியல் அடாப்டரை ஆராய்ந்து வாங்குங்கள். முனையில் 9 பின் ஆண் கனெக்டர் இருக்கட்டும். வேகக் கட்டுப்பாட்டுக்கான ஆர்டிஎஸ், சிடிஎஸ், டிடிஆர் கம்பிகள் உண்மையிலேயே இணைந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். இன்னொன்று பலர் கவனிக்காதது: டெர்மினல் 'நிறுத்து' என்று சொன்ன பிறகும் அடாப்டரின் உள் நினைவகத்தில் ஏற்கனவே ஏறிவிட்ட எழுத்துகள் வந்துகொண்டே இருக்கும். விடி-220-இன் தாங்கு நினைவகம் 254 எழுத்துகள்தான். செட்டப்பில் 'எக்ஸ்-ஆஃப் 64-இல்' என்று வைத்தால் சீக்கிரமே குரல் கொடுக்கும், மீதி இடம் தாங்கும். அப்படியும் எழுத்துகள் விட்டுப்போனால் 9600-இலிருந்து 4800-க்கு இறக்குங்கள். படிக்கும் கண்ணுக்கு 4800 தாராளம்.

தொலைவு கூடினால் கேபிளின் தரத்தைப் பாருங்கள். 'சி' திருத்தம் 50 அடி, அதாவது ஏறத்தாழ 15 மீட்டர் என்றது. பிந்தைய திருத்தங்கள் நீளத்தை விட்டுவிட்டு, மொத்தக் கெபாசிட்டன்ஸ் 2500 பிகோஃபாரடுக்குள் இருக்க வேண்டும் என்றன. நெட்வொர்க்குக்கான கேட்-5 கேபிள் மீட்டருக்குச் சுமார் 50 பிகோஃபாரடுதான், ஆகவே இன்னும் தொலைவு போகலாம். ஆனால் அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் ஒரே முறுக்கு ஜோடியில் விடாதீர்கள். ஒன்றின் சிக்னல் மற்றதில் கசியும். ஒவ்வொன்றோடும் ஒரு கிரவுண்டு கம்பியை ஜோடி சேருங்கள்.

செய்யக்கூடாதவை

பொருந்துகிறதே என்று செருகாதீர்கள். பழைய பிசியின் முதுகில் 9 பின் பெண் கனெக்டர் இருந்தால் அது சீரியல் போர்ட் அல்ல. சிஜிஏ, இஜிஏ, ஹெர்குலிஸ் போன்ற திரை அட்டைகளின் வெளியீடு. 25 பின் பெண் கனெக்டர் பிரின்டருக்கான பேரலல் போர்ட். பழைய மெக்கின்டாஷில் அதே 25 பின் பெண் கனெக்டர் ஸ்கசி டிஸ்க்குக்கு உரியது. ஐந்து வோல்ட்டுக்குப் பழகிய அந்தச் சுற்றுகளில் சீரியல் கம்பியின் மைனஸ் 12 வோல்ட் ஏறினால் சிப்பு தாங்காது.

மறுபக்கம், சன் நிறுவனத்தின் ஸ்பார்க்ஸ்டேஷன் கணினிகள் பலவற்றில் டிபி-25 பெண் கனெக்டரே சீரியல் போர்ட், அதுவும் டிடிஇ. பெண் என்றால் மோடம் பக்கம் என்ற பாடநூல் விதி அங்கே பொய்க்கிறது. ஸ்பார்க்ஸ்டேஷன் 10, 20 இரண்டிலும் ஒரே கனெக்டருக்குள் ஏ, பி என்று இரண்டு போர்ட்டுகள். சாதாரணக் கேபிள் ஏ போர்ட்டை மட்டும் எட்டும். பி வேண்டுமானால் அதற்கான பிரிப்புக் கேபிள் தேவை.

விடி-220-இலேயே ஒரு பொறி உண்டு. அதன் முதுகில் கணினிக்கான டிபி-25 ஆணோடு, 9 பின் கனெக்டர் ஒன்றும் இருக்கிறது. கையிலிருக்கும் பிசி கேபிளுக்கு ஏற்றதுபோல் தோன்றும். அது பிரின்டருக்கு உரியது. அங்கே மாட்டிவிட்டு லாகின் வரும் என்று காத்திருந்தால் வராது.

ஜெண்டர் சேஞ்சரைக் கொண்டு தவறான கேபிளைச் சரிக்கட்டாதீர்கள். மோடம் கேபிளின் 25 பின் முனை ஆண், விடி-220-உம் ஆண். சேராது. கேபிளும் தவறு என்பதற்கு அதுவே எச்சரிக்கை. நடுவில் ஜெண்டர் சேஞ்சரை வைத்துச் சேர்த்துவிட்டால் எச்சரிக்கை மறைந்துவிடும், ஊமைத்தனம் மட்டும் மிஞ்சும். இரண்டு கிராஸ் அடாப்டர்களை வரிசையாக மாட்டினாலும் ஒன்றை ஒன்று ரத்து செய்து நேர் கேபிளாகிவிடும். சந்தையில் ஜெண்டர் சேஞ்சர் என்று விற்பதில் சில உள்ளுக்குள் கிராஸ். ஒவ்வொன்றையும் கண்டினியூட்டி பார்த்து வாங்குங்கள்.

ஒரு நிம்மதியும் உண்டு. கம்பிகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆனாலும் தாங்க வேண்டும் என்பது ஆர்எஸ்-232 தரத்தின் நிபந்தனை. இரண்டு பக்கமும் உண்மையான ஆர்எஸ்-232 என்றால், நேருக்குப் பதில் கிராஸ் மாட்டியதால் எதுவும் எரியாது. அமைதியாக இருக்கும், அவ்வளவுதான்.

25 கம்பியும் இணைந்த கேபிளைப் பழைய வீட்டுக் கணினிகளில் மாட்டாதீர்கள். தரத்தில் அதிகம் பயன்படாத பின்களைச் சில தயாரிப்பாளர்கள் தம் தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். அமிகா 500, 2000 கணினிகளின் சீரியல் போர்ட்டில் 9-ஆம் பின்னில் பிளஸ் 12 வோல்ட், 10-ஆம் பின்னில் மைனஸ் 12, இன்னும் இரண்டு பின்களில் ஒலி சிக்னல்கூட உண்டு. ஐபிஎம் பிசியின் முதல் சீரியல் அட்டை கரன்ட் லூப்புக்காக 9, 11, 18, 25 பின்களை எடுத்துக்கொண்டது. தேவையான கம்பிகள் மட்டும் உள்ள கேபிளில் இந்த ஆபத்து இல்லை.

ராஸ்பெர்ரி பை போன்றவற்றின் பின்களில் நேரே இணைக்காதீர்கள். அவற்றின் சீரியல் 3.3 வோல்ட் லாஜிக். சிக்னலின் துருவமும் ஆர்எஸ்-232-க்கு நேர் எதிர். டெர்மினலின் மைனஸ் 12 வோல்ட் அந்தச் சிப்பைக் கொன்றுவிடும். நடுவே மேக்ஸ்3232 சிப்பு உள்ள சிறு பலகையை வையுங்கள். மேக்ஸ்232 என்பது 5 வோல்ட்டுக்கானது, பெயரின் ஒற்றுமையில் ஏமாறாதீர்கள்.

20 மில்லியாம்பியர் கரன்ட் லூப்பை ஆர்எஸ்-232-ஓடு சேர்க்காதீர்கள். ஏஎஸ்ஆர்-33 டெலிடைப் போன்ற இயந்திரங்கள் மின்னோட்டம் இருக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டு பேசுபவை. அங்கே கேபிள் மட்டும் போதாது, இடையே மாற்றி தேவை.

வட்ட மினி-டின் கனெக்டரில் அவசரப்படாதீர்கள். 1986-இன் மெக்கின்டாஷ் பிளஸ் முதல் வந்த பழைய மெக்குகளின் 8 பின் சீரியல் போர்ட்டும், சன் விசைப்பலகையின் போர்ட்டும் பார்வைக்கு ஒன்றே. பின்னதில் 5 வோல்ட் சப்ளை இருக்கிறது. மெக்கின்டாஷிடம் இருப்பது ஆர்எஸ்-422. அதற்கென்று செய்த கேபிளே வேண்டும்.

யூபிஎஸ் கேபிளையும் ரூட்டரின் நீலத் தட்டைக் கேபிளையும் பொதுக் கேபிளாக நினைக்காதீர்கள். சில யூபிஎஸ்களில் சாதாரண சீரியல் கேபிளை மாட்டினால் சப்ளையையே அணைத்துவிடும். அவற்றின் சொந்தக் கேபிளும் வேறெதற்கும் உதவாது.

குப்பை எழுத்துகள் வந்தால் கேபிளைப் பழிக்காதீர்கள். ஏதாவது ஓர் எழுத்து வந்துவிட்டால் கம்பி சரி என்றே பொருள். இனிப் பார்க்க வேண்டியது செட்டப். எல்லாமே குப்பை என்றால் வேகம் பொருந்தவில்லை. ஏறத்தாழப் பாதி எழுத்துகள் சரியாகவும் மீதி விசித்திரமாகவும் இருந்தால் ஒரு பக்கம் 7 பிட், ஈவன் பாரிட்டி; மறுபக்கம் 8 பிட், பாரிட்டி இல்லை. தொடக்க வரிகள் சுத்தமாக வந்து, நீண்ட பட்டியல் ஓடும்போது மட்டும் எழுத்துகள் விழுந்தால் வேகக் கட்டுப்பாடு வேலை செய்யவில்லை. விடி-220 திரையில் தலைகீழாகத் திருப்பிப்போட்ட கேள்விக்குறிகள் தெரிந்தால் பிழையான எழுத்து வந்தது என்று டெர்மினலே சொல்கிறது.

சன் இயந்திரத்தின் கன்சோலாக இருக்கும் டெர்மினலை, அந்த இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அணைக்காதீர்கள், கேபிளையும் உருவாதீர்கள். டெர்மினல் அணையும்போது கம்பி மைனஸ் நிலையை இழக்கிறது. சன் அதை 'பிரேக்' சிக்னலாக எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் நிறுத்தி 'ஓகே' என்ற கட்டளை வரிக்குப் போய் நின்றுவிடும். அப்படி நடந்துவிட்டால் மறுபடி பூட் செய்யாமல், அதே வரியில் 'கோ' என்று தட்டுங்கள். பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.